வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவு: கேட்டல், விசாரித்தல், தடுத்தல்

மலையகத் தோட்டம் ஒன்றில் மாதர் குழுவினருடன் சேமிப்புத் திட்டம் பற்றிக் கலந்துரையாடிக்கொண்டிருந்தோம். கணக்குப் பார்த்து முடிந்து தேநீரும் வந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். "சாமி, சம்பளம், கடன், சீட்டு எல்லாம் பேசுறோம். மலையில வேலை வாங்குற ஆளு வாயையும் கையையும் வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்கிறாரு. அத எந்தக் கூட்டத்துல பேசுறது?" என்று கேட்டார்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. சிலர் நிலத்தைப் பார்த்தனர். "அதெல்லாம் சாமிகிட்ட கேக்குற விசயமா? உக்காரு" என்று தலைவி அவரை இருத்திவிட்டார். ஆனால், கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், அந்தத் தலைவியே வாசல்வரை வந்து, "அவ சொன்னது பொய் இல்ல சாமி" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியை நாம் பல நாட்கள் யோசித்தோம். தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசலாம் என்றால் அங்கே முன்வரிசையில் இருப்போர் ஆண்கள். தோட்டக் காரியாலயத்தில் சொல்லலாம் என்றால் அங்கும் ஆண்கள். வீட்டில் சொன்னால், "நீ ஏன் அவன் முகத்தைப் பார்த்தாய்?" என்ற கேள்வி வரும். கோவிலுக்கு வந்தால் அங்கும் நாம் இருக்கிறோம். இந்தக் கேள்விக்கென ஓர் இடமும் ஒரு முறையும் இல்லை என்பதே உண்மை. அந்த இடத்தையும் முறையையும் பற்றியே இக்கட்டுரை.

முதலில் எமது தவறு

பிறருக்கு வழி சொல்லுமுன் எமது தவறு ஒன்றை ஏற்றுக்கொள்வது நேர்மை. சில ஆண்டுகளுக்கு முன்னர் சமூகப்பணி நிறுவனம் ஒன்றில் நாம் பொறுப்பாயிருந்தோம். களப்பணிக்குச் செல்லும் இளம் பெண் பணியாளர் ஒருவர் ஒருநாள் எமது அறைக்கு வந்தார். அவரோடு வாகனத்தில் செல்லும் மூத்த உத்தியோகத்தர் கூசும்படியான கதைகள் பேசுகிறார், இறங்கும் இடங்களில் தொடுகிறார் என்று அழுதுகொண்டே சொன்னார். "ஃபாதர், இனி நான் அவரோட வாகனத்தில போகமாட்டன்" என்றார்.

நாம் பொறுமையாகக் கேட்டோம், ஆறுதல் சொன்னோம். அந்த உத்தியோகத்தரைத் தனியே அழைத்துப் பேசினோம். அவர் மறுத்தார். அவர் திறமையானவர், குடும்பஸ்தர், நிறுவனத்துக்கு நன்கொடையாளரிடையே நல்ல பெயர் பெற்றுத் தந்தவர். ஆகவே பெரிதுபடுத்தாமல், அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்கென்று அவரை வேறு பகுதிக்கு மாற்றினோம். அங்கே களப்படி கிடைக்காது. பேருந்தில் நீண்ட தூரம் போய்வர வேண்டும். மூன்று மாதங்களில் "குடும்பக் காரணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். நாம் நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழிந்து இன்னொரு பெண் அதே அறைக்கு வந்து, அதே உத்தியோகத்தரைப் பற்றி, ஏறக்குறைய அதே வார்த்தைகளைச் சொன்னபோதுதான் நாம் செய்தது என்னவென்று விளங்கியது. முதற்பெண் சொன்னதில் ஒரு வரியைக்கூட நாம் எழுதி வைத்திருக்கவில்லை. யாரையும் விசாரிக்கவில்லை. நாம் அன்பென்று நினைத்துச் செய்த ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்தவர் முறையிட்ட பெண்தான். மற்றவருக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் குறையவில்லை. நாம் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. ஆனால் எம்மிடம் ஒரு முறை இருக்கவில்லை. முறை இல்லாத இடத்தில் பலமுள்ளவரே வெல்வார்.

எது தொந்தரவு?

"பகிடியாகச் சொன்னேன்", "தங்கச்சி மாதிரி நினைத்துத்தான் தொட்டேன்" என்ற விளக்கங்களை அடிக்கடி கேட்கிறோம். இங்கே அளவுகோல் செய்தவரின் எண்ணம் அன்று. மற்றவர் அதை விரும்பினாரா என்பதே. விரும்பப்படாத பாலியல் தன்மையுள்ள பேச்சு, பார்வை, சைகை, தொடுகை, தொலைபேசிச் செய்தி, படம், "சொன்னபடி கேட்டால் வேலை கிடைக்கும்" என்ற பேரம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். மறுப்புச் சொல்லாதிருப்பது சம்மதம் ஆகாது. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் சிரித்து மழுப்பும் பெண்கள் எத்தனை பேர் என்பதை எமது வாசகியர் அறிவர்.

இது வெறும் ஒழுக்கக் குறைவு மட்டுமல்ல, அதிகாரத்தோடு பிணைந்த விடயம். கொழுந்து மலையை எடுத்துக்கொள்வோம். யாருக்கு நல்ல நிரை, யாருக்குக் கொழுந்தில்லாத நிரை என்று தீர்மானிப்பவர் கங்காணி. நிறுவையில் ஈரத்துக்கும் கூடைக்கும் எவ்வளவு கழிப்பது என்று தீர்மானிப்பவரும் பெரும்பாலும் ஆண். குறித்த நிறை வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். பெண்ணின் அன்றைய கூலி இப்படி ஒருவரின் கையில் இருக்கும்போது, அவர் சொல்லும் இரட்டை அர்த்தப் பகிடிக்கு முகஞ்சுளிக்கக்கூட அவளால் முடியாது. ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தி இலக்கும், மேலதிக நேர வேலையும், லீவுக் கையெழுத்தும் இதே வேலையைச் செய்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் போரில் கணவரை இழந்த பெண்கள் உதவிப் பட்டியலில் பெயர் சேர்க்கவும் ஒரு கையொப்பம் பெறவும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகையில் இதே அனுபவத்தைப் பெற்றிருக்கிறார்கள்.

பிற நாடுகளிலும் நிலை வேறல்ல. கென்யாவின் தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்களால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக 70க்கும் மேற்பட்ட பெண்கள் கூறியதை 2023 பெப்ரவரியில் பிபிசி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. வேலை வேண்டுமானால் உடலைக் கொடு என்பதே அங்கும் பேரமாக இருந்தது. நாடு வேறு, மொழி வேறு. தேயிலைச் செடியும் அதன் நடுவே நிற்கும் பெண்ணின் நிலையும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது நாட்டில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு மாற்றியமைக்கப்பட்டது. அதன்படி, வன்செயலாலோ சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு கொடுப்பது குற்றம். ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். வேலைத்தலத்திலோ வேறிடத்திலோ அதிகாரத்திலுள்ள ஒருவர் விரும்பத்தகாத பாலியல் முயற்சிகளைச் சொல்லாலோ செயலாலோ மேற்கொள்வதும் இக்குற்றத்துள் அடங்கும் என்று அப்பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. மனத்தாக்கமும் ஊறாகவே கொள்ளப்படும். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம், அரச கருமத்தைச் செய்துகொடுக்கப் பாலியல் சலுகை கேட்பதையும் இலஞ்சமாகக் கொள்கிறது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. முறையிட்டவரை மிரட்டுவது அதன்படி தனிக்குற்றம்.

ஆயினும் பொலிஸும் நீதிமன்றமும் கடைசிப் படிகள். வேலைத்தலத்தில் முதற்படி என்ன என்பதற்கு அயல்நாட்டு அனுபவம் ஒன்று உதவும். அதுவும் கிராம அபிவிருத்தி ஊழியர் ஒருவரின் கண்ணீரில் பிறந்தது. இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில், அரசின் மகளிர் அபிவிருத்தித் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. தமது கடமையின்படி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றமைக்காக 1992இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். 1995இல் விசாரணை நீதிமன்றம் எதிரிகளை அக்குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. வேலை செய்யப் போன இடத்தில் இவரைக் காக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு இல்லையா என்ற கேள்வியுடன் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. அங்கே 1997 ஆகஸ்ட் 13ஆம் நாள் வழங்கப்பட்ட விசாகா தீர்ப்பு, தடுப்பதும் விசாரிப்பதும் வேலை கொடுப்போரின் கடமை என்று விதித்தது. அதன் வழியே 2013இல் இந்தியாவில் தனிச்சட்டம் பிறந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் விசாரணைக் குழு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

எமது வாசகர் பலர் களப்பணியாளர்கள். பன்வாரி தேவியின் வரலாறு அவர்களுக்கு அந்நியமானதன்று.

விசாரணை: ஏழு படிகள்

சட்டங்களிலிருந்தும் எமது தவறுகளிலிருந்தும் நாம் கற்றவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறோம். சிறிய நிறுவனங்களும் சங்கங்களும்கூட இவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. கேட்டு எழுதுதல். முறையிடும் பெண்ணை ஒரு பெண் கேட்பது நல்லது. "ஏன் அங்கே போனாய்?", "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?" என்ற கேள்விகள் வேண்டாம். என்ன நடந்தது, எப்போது, எங்கே, என்ன வார்த்தைகள், யார் அருகில் இருந்தார்கள், அன்று யாரிடமாவது சொன்னாரா என்பவற்றை அவரது சொற்களிலேயே எழுத வேண்டும். எழுதியதை அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும்.

2. உடனடிப் பாதுகாப்பு. இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்யாதபடி ஒழுங்கு செய்ய வேண்டும். மாற்ற வேண்டுமாயின் முதலில் முறையிடப்பட்டவரை மாற்றுங்கள். பெண்ணே மாற்றம் கேட்டால், சம்பளமும் படியும் குறையாதபடி மாற்றுங்கள்.

3. குழு அமைத்தல். ஒருவர் தனியே விசாரிக்கக் கூடாது. அவர் குருவானவராயினும் கூடாது. குழுவுக்குப் பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். முறையிடப்பட்டவரின் உறவினர், நண்பர், அவருக்குக் கீழ் வேலை செய்பவர் ஆகியோர் இருக்கக் கூடாது.

4. மறுபக்கத்தைக் கேட்டல். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பதிலளிக்கக் காலமும், சாட்சிகளை அழைக்க வாய்ப்பும் கொடுக்க வேண்டும். தீர்ப்புக்கு முன் அவரைக் குற்றவாளி என்று பேசுவதும் அநீதியே. ஆனால் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி வாதாட விடாதீர்கள். ஒருவரின் கேள்வியைக் குழுவின் மூலம் மற்றவரிடம் கேட்கலாம்.

5. சான்று தேடல். இத்தகைய செயல்களுக்குக் கண்கண்ட சாட்சி அரிது. ஆகவே சுற்றியுள்ள சான்றுகளைப் பார்க்க வேண்டும்: வரவுப் பதிவு, நிறுவைப் புத்தகம், வாகன ஓட்டப் பதிவு, தொலைபேசிச் செய்திகள். அந்தப் பெண் மறுத்த நாளுக்குப் பின் அவரது பெயரில் அரைப் பேர்கள் கூடியிருக்கின்றனவா என்று செக்ரோலைப் புரட்டினாலே சில வேளை உண்மை தெரியும். இக்குழு எவரையும் சிறைக்கு அனுப்பப் போவதில்லை. ஆகவே ஐயத்துக்கு இடமின்றி எண்பிக்க வேண்டிய நீதிமன்ற அளவு இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடியது என்பதை நியாயமாக நிறுத்துப் பார்த்தால் போதும்.

6. காலவரை. இழுபடும் விசாரணை முறையிட்டவரையே களைக்கச் செய்யும். இந்தியச் சட்டம் 90 நாட்களை எல்லையாக வைத்திருக்கிறது. முடிவு காரணங்களோடு எழுதப்பட்டு இருவருக்கும் அறிவிக்கப்பட வேண்டும்.

7. முடிவும் பின்தொடர்தலும். தவறின் அளவுக்கேற்ப எழுத்திலான மன்னிப்பு, எச்சரிக்கை, பதவியிறக்கம், வேலைநீக்கம் என்பன அமையலாம். பணம் கொடுத்துச் "சமாதானம்" செய்து வைப்பது விசாரணை ஆகாது. பின்னர் ஆறு மாதமாவது, முறையிட்டவரும் சாட்சிகளும் பழிவாங்கப்படுகிறார்களா என்று குழு கவனிக்க வேண்டும்.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்திலுள்ள சூசன்னாவின் வரலாற்றை எமது மக்கள் அறிவர். மக்கள் மதித்த இரு முதியவர்கள் அவளை இச்சித்து, அவள் இணங்காதபோது அவள் மீதே பழி சுமத்தினர். அவர்களது நரையையும் பதவியையும் பார்த்துச் சபை உடனே நம்பிவிட்டது. இளைஞன் தானியேல் செய்தது பெரிய அற்புதமன்று. இருவரையும் பிரித்து வைத்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்டான். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொன்னார்கள். பதவியைப் பார்த்துத் தீர்ப்பிட்ட சபையையும் கேள்வி கேட்டுத் தீர்ப்பிட்ட இளைஞனையும் அந்நூல் எம்முன் வைக்கிறது.

"பொய் முறைப்பாடு வந்தால்?"

கருத்தரங்குகளில் ஆண்கள் முதலில் எழுப்பும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், அதற்காகவே இருபக்கமும் கேட்கும் குழு வேண்டும் என்கிறோம். ஆனால் எண்பிக்க முடியாத முறைப்பாடும் பொய் முறைப்பாடும் ஒன்றல்ல. சான்று போதாமையை மட்டும் காரணங்காட்டி முறையிட்டவரைத் தண்டிக்க வேண்டியதில்லை என்று இந்தியச் சட்டம் கூறுகிறது. எமது சமூகத்தில் இப்படியொரு முறைப்பாட்டைச் செய்யும் பெண் தன் பெயரையும் திருமணத்தையும் குடும்பத்தின் மதிப்பையும் பணயம் வைக்கிறாள். விளையாட்டாக அதைச் செய்ய முன்வருவோர் மிகக் குறைவு.

வருமுன் காத்தல்

விசாரணை எவ்வளவு நன்றாக நடந்தாலும் காயம் பட்ட பின்னரே அது நடக்கிறது. தடுப்பதே முதன்மையானது. எங்கே ஒருவரின் கையில் மறைவான அதிகாரம் குவிகிறதோ அங்கே கதவைத் திறந்து வைப்பதே தடுப்பின் சாரம்.

தோட்டங்களில் நிறுவையின்போது தொழிலாளிப் பெண்களின் பிரதிநிதி ஒருவர் தராசருகே நிற்கட்டும். நிரை சுழற்சி முறையில் கொடுக்கப்படட்டும். பெண்களும் கங்காணிகளாக, வெளிக்கள உத்தியோகத்தர்களாக நியமிக்கப்படட்டும். மலையில் மலசலகூடம் இல்லாமையால் பெண்கள் புதர் மறைவுக்குத் தனியே போவதும் ஒரு பாதுகாப்புப் பிரச்சினையே. 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு நிறைவேற்றிய 190ஆம் இலக்கச் சமவாயம், சம்பளம் பெறும் இடம், ஓய்வெடுக்கும் இடம், கழிவறை, வேலைக்குப் போய்வரும் வழி, வேலை கொடுப்பவர் தரும் தங்குமிடம் என்பவற்றையும் வேலை உலகத்துள் அடக்குகிறது.

அலுவலகங்களிலும் அரச சார்பற்ற நிறுவனங்களிலும் பயனாளிகளைத் தெரிவு செய்யும் அதிகாரம் ஒரே உத்தியோகத்தரிடம் இருக்கக் கூடாது. மாலையில் தனியே வந்து கையொப்பம் பெறும்படி எந்தப் பெண்ணையும் அழைக்கக் கூடாது. முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பயிற்சியை மேற்பார்வையாளர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். பெண்களுக்கு மட்டும் கருத்தரங்கு வைத்து, "கவனமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்புவது சுமையை மீண்டும் அவர்கள் தலையிலேயே ஏற்றுவதாகும்.

தொழிலாளர் தாங்களே கண்காணிக்கும் முறையும் பயன் தந்திருக்கிறது. தமிழ்நாட்டின் திண்டுக்கல் பகுதியில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அங்கிருந்த மேற்பார்வையாளர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் தொழிற்சாலை உரிமையாளருடனும் வெளிநாட்டுக் கொள்வனவாளருடனும் ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி, உற்பத்தி வரிசைகளில் வேலை செய்யும் பெண்களே பயிற்றப்பட்டு, தொந்தரவுகளை அவதானித்து முறையிடும் பொறுப்பைப் பெற்றனர். தொழிற்சாலை உடன்படிக்கையை மீறினால் கொள்வனவாளர் வணிக அழுத்தம் கொடுக்கவும் கடமைப்பட்டார். எமது மாதர் சங்கங்களும் தொழிற்சங்க மாதர் பிரிவுகளும் ஆராய வேண்டிய முயற்சி இது.

நடைமுறைக் குறிப்புகள்

பொலிஸுக்குப் போக நேர்ந்தால் தனியே போகாதீர்கள். தமிழும் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில், அதை வாசித்துக் காட்டச் செய்யாமல் கையொப்பமிடாதீர்கள். பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் உள்ளக விசாரணையோடு நிறுத்தவே கூடாது. 1929 என்ற இலக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவச உதவி வழங்குகிறது. "தானாக விலகுகிறேன்" என்று எழுதித் தரச் சொன்னால் ஆலோசனை பெறாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். வேலை நிறுத்தப்பட்டால் 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்யலாம்.

நிறைவாக

அந்தத் தோட்டத்துக்கு நாம் மீண்டும் போனோம். இம்முறை பேச நாம் போகவில்லை. எம்மோடு வந்த பெண் சட்டத்தரணியும் ஓர் அருட்சகோதரியும் பெண்களோடு தனியே இருந்தார்கள். நாம் வெளியே ஆண்களோடு இருந்தோம். அங்கும் பேச வேண்டிய விடயங்கள் இருந்தன. மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது, அன்று எழுந்து கேட்ட பெண்ணின் கையில் ஒரு கொப்பி இருந்தது. திகதி, மலையின் பெயர், நடந்தது என்று மூன்று நிரல்கள் கோடிடப்பட்டிருந்தன. முதலாவது வரி எழுதப்பட்டிருந்தது. அதை நாம் கேட்டு வாசிக்கவில்லை.

முதற்பெண்ணை அனுப்பிவைத்த எமது பழைய அறையில் அப்படியொரு கொப்பி இருந்திருக்குமானால், இரண்டாவது பெண் அங்கு அழுதுகொண்டு வர நேர்ந்திராது.

குழுக் கலந்துரையாடலுக்கு:

1. எமது ஊரில், தோட்டத்தில் அல்லது அலுவலகத்தில் ஒரு பெண் இத்தகைய முறைப்பாட்டை இன்று செய்ய விரும்பினால் யாரிடம் போவார்? அவரை அவர் நம்புவாரா?

2. கூலியையோ உதவியையோ தனியே தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது? அதைப் பலர் பார்க்கும்படி எவ்வாறு மாற்றலாம்?

3. எமது சங்கத்தில் விசாரணைக் குழு ஒன்றை அமைப்பதாயின், வெளியிலிருந்து அழைக்கக்கூடிய நம்பிக்கைக்குரிய பெண் யார்?

4. இவ்விடயத்தில் ஆண்களோடு பேசும் பொறுப்பை எம்மில் யார் ஏற்பார்?